நெருங்கிய தெருவில் ஒரு வீடு

வீடு வாங்குவதைப் பற்றி மாணவர்களிடம் பேசுவது பொருத்தமாகுமா என்று சிலர் ஐயுறலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் பயில்வோர் கையில் வீடு வாங்கும் பொருள் ஏது? உண்மைதான். ஆனால் நம் குடும்பங்களிலே இன்னொரு வழக்கம் உண்டு. தந்தையார் ஒரு கிரயப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டி, "நீதான் படித்த பிள்ளை ஆயிற்றே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லு" என்பார். படித்த பிள்ளை இரண்டு வரி படித்துவிட்டு விழிக்கும். ஒரு குடும்பம் இருபது, முப்பது ஆண்டுகள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பொருள் முழுவதும் அந்த நாலைந்து தாள்களில் அடங்கிக் கிடக்கும்போது, அவற்றைப் படிக்கத் தெரிந்துகொள்வது இளமையிலேயே செய்யத்தக்க காரியம் என்று நான் கருதுகிறேன்.

நான் பேசப்போவது தோட்டமும் துரவும் சூழ்ந்த தனி மாளிகையைப் பற்றி அன்று. சுவரோடு சுவர் ஒட்டி, வாசலுக்கு எதிர் வாசல் அமைந்து, ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் மூன்று வீடுகளுக்கு எட்டும்படியான நெருங்கிய தெருவிலே ஒரு வீட்டை வாங்குவதையும், அங்கே வாழ்வதையும் பற்றியே பேசுகிறேன். அத்தகைய தெருவை நான் முதன்முதல் கண்டது பெருநகரத்தில் அன்று. என் சொந்த ஊராகிய சேத்தூரில்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், மேற்கு மலைத்தொடரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு செல்வோர் சேத்தூரைக் கடந்தே செல்ல வேண்டும். பழைய பாளையங்களுள் ஒன்று, பின்பு ஜமீன், தமிழ்க் கவிராயர்களை ஆதரித்துப் பெயர் பெற்ற இடம். இன்று அது ஒரு பேரூராட்சி. ஊரைச் சுற்றி வயலும் தோப்பும் பரந்து கிடக்கும். மேற்கே மலை நீண்டு கிடக்கும். ஆனால் ஊருக்குள் நுழைந்தாலோ, வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இத்தனை வெளி இருக்க, இந்த நெருக்கம் ஏன்?

காரணம் இரண்டு. முதலாவது, நத்தம். குடியிருப்புக்கென்று ஊர் நடுவே ஒதுக்கப்பட்ட நிலமே நத்தம் எனப்படும். வயல் விளைச்சலுக்கு, நத்தம் வீட்டுக்கு. குடி பெருகினாலும் நத்தம் பெருகுவதில்லை. இரண்டாவது காரணம், பாகப்பிரிவினை. 27 அடி முகப்புள்ள ஒரு வீடு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். தந்தைக்குப் பின் மூன்று சகோதரர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். குறுக்கே பிரித்தால் பின்கட்டு பெற்றவனுக்குத் தெரு இல்லாமற் போய்விடும். ஆகையால் நெடுக்கிலே பிரிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் 9 அடி முகப்பு; நீளம் மட்டும் பழையபடி 60 அடி. அடுத்த தலைமுறையில் அந்த 9 அடியை மேலும் பிரிக்க இயலாது. ஒருவர் மற்றவருக்கு விட்டுக் கொடுப்பார், அல்லது அயலாருக்கு விற்பார். ரயில் வண்டியின் பெட்டி போல நீண்டு ஒடுங்கிய வீடுகள் நம் ஊர்களில் தோன்றிய வரலாறு பெரும்பாலும் இதுவே.

அப்படிப் பிரிக்கும்போது, பிரிக்க முடியாத சில மிஞ்சிவிடும். கிணறு ஒன்றுதான், அதை மூன்றாக வெட்ட முடியாது. கொல்லைக்குச் செல்லும் நடை ஒன்றுதான். இரண்டு பாகங்களுக்கும் நடுவில் நிற்கும் சுவரும் ஒன்றுதான். எனவே பாகப்பிரிவினைப் பத்திரத்தின் கடைசியில், "கிணறு பொது, நடை பொது, நடுச்சுவர் பொது" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். அன்று எழுதினவர்கள் உடன்பிறந்தவர்கள். பொது என்ற அந்த ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும். ஐம்பது ஆண்டு கழித்து அந்த வீட்டை வாங்க வருகிறவரோ எவரோ ஒருவர். அவர் 9 அடி வீட்டை மட்டும் வாங்கவில்லை. அந்தப் "பொது" என்ற சொல்லையும் சேர்த்து வாங்குகிறார். நெருங்கிய தெருவில் வீடு வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. நான்கு சுவருக்குள்ளே இருப்பதைப் பார்த்துப் பார்த்து விலை பேசுகிறோம். வழக்கும் வருத்தமும் வந்து சேர்வது பெரும்பாலும் பொதுவிலிருந்துதான்.

என் தூரத்து உறவினர் ஒருவர் இத்தகைய 9 அடி வீடு ஒன்றை வாங்கினார். கீழே கடையும் மேலே குடியிருப்புமாகக் கட்டலாம் என்பது அவர் எண்ணம். பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, இருந்தது. அதிலே மேற்கெல்லை, "பொதுச்சுவருக்குக் கிழக்கு" என்று கண்டிருந்தது. ஒன்றரை அடிக் கனத்தில் மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்து எழுப்பிய பழைய சுவர் அது. அதன்மேல் பக்கத்து வீட்டாரின் உத்திரங்களும் தங்கியிருந்தன. மாடி கட்ட அந்தச் சுவர் தாங்காது என்றார் பொறியாளர். இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பலாம் என்றாலோ, அடுத்த வீட்டு முதியவள் இசையவில்லை. "சுவரை எடுத்தால் என் கூரை எங்கே நிற்கும்?" என்று அவள் கேட்ட கேள்விக்கு மறுமொழி ஏது? நியாயம் அவள் பக்கம் இருந்தது. இறுதியில் என்ன செய்தார் தெரியுமா? இருபுறமும் பழைய சுவரைத் தொடாமல், தம் பாகத்துக்குள்ளேயே கான்கிரீட் தூண்களை நிறுத்தினார். பக்கத்துக்கு ஓர் அடி போயிற்று. 9 அடிக்கு விலை கொடுத்தவருக்குப் புழங்கக் கிடைத்தது 7 அடி. அந்த வீடு இன்றும் நிற்கிறது. அந்த முதியவளின் கூரையும் நெடுநாள் நின்றது.

இங்கே பத்திரத்தின் மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் பத்திரங்களிலே மிகுதியாகப் படிக்கப்படும் பகுதி விலைத் தொகை. மிகக் குறைவாகப் படிக்கப்படும் பகுதி கடைசியிலே வரும் சொத்து விவரம். "கிழமேல் ஜாதியடி இத்தனை, தென்வடல் ஜாதியடி இத்தனை, இதற்குச் செக்குபந்தி" என்று தொடங்கும் அந்தப் பகுதியிலேதான் வீடு இருக்கிறது. மற்றவையெல்லாம் வீட்டைச் சுற்றிய பேச்சு. நான்கெல்லையைக் கையில் வைத்துக்கொண்டு நேரே போய் நின்று பார்க்க வேண்டும். வடக்கே இன்னார் வீடு என்று எழுதியிருந்தால், அந்த இன்னார் இப்போது இல்லை. அவருக்குப் பின் யார் என்று கேட்க வேண்டும். நடைபாதைப் பாத்தியம், கிணற்றுப் பாத்தியம், கூரைத் தண்ணீர் விழும் பாத்தியம் என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். உங்கள் ஓட்டின் தண்ணீர் அடுத்தவர் முற்றத்தில் விழுமானால், அது ஒரு நாள் பேச்சுக்கு வந்தே தீரும்.

எழுதப்படாத பாத்தியமும் உண்டு. 1882-ஆம் ஆண்டிலே இந்திய வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று பிறந்தது. தொடக்கத்தில் அது செல்லுபடியான சில பகுதிகளுள் நம் சென்னை மாகாணமும் ஒன்று. ஒரு சன்னல் வழியே வெளிச்சமும் காற்றும் 20 ஆண்டுகள் இடையறாமல், அமைதியாக, உரிமை என்ற முறையில் துய்க்கப்பட்டு வந்தால், அது அந்த வீட்டுக்கு நிலைத்த உரிமையாகிவிடும் என்று அச்சட்டம் கூறுகிறது. வழிக்கும் தண்ணீருக்கும் இத்தகைய விதி உண்டு. ஆகவே நீங்கள் வாங்கும் மனைமேல் அடுத்த வீட்டின் பழைய சன்னல் ஒன்று கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்குமானால், நீங்கள் எழுப்பப்போகும் சுவரைப் பற்றி அதற்கும் ஒரு சொல் உண்டு. வெளிச்சம் சிறிதே குறைவதெல்லாம் வழக்குக்குரிய தீங்கு ஆகாது. பெரிதும் குறைந்து வாழ்வுக்கு இடையூறாக வேண்டும். எவ்வளவு குறைந்தால் பெரிது என்பதிலேதான் வழக்கறிஞர்களுக்கு வேலை.

தெரு யாருடையது என்ற கேள்வியும் சேத்தூர் போன்ற ஊருக்குச் சுவை உடையது. ஜமீன் நாட்களில் ஊரும் தெருவும் ஜமீனுக்கு உட்பட்டவை. 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஜமீன் ஒழிப்புச் சட்டம் அதை மாற்றியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1949 ஏப்ரலில் அவருக்குப் பின் அப்பதவியை ஏற்றவர் நம் அண்டை ஊராகிய ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா. வீட்டைப் பற்றிய பேச்சில் அவரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு: தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தவர் அவர். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் நடப்பது அந்த இடத்திலேதான். இது நிற்க. அச்சட்டத்தின்படி ஜமீன் நிலங்களும் புறம்போக்குகளும் அரசைச் சேர்ந்தன. ஆனால் குடிகள் கட்டியிருந்த வீடுகள் யார் வசம் உடைமையாக இருந்தனவோ அவர்களுக்கே உரியவை என்று ஒரு பிரிவு காத்து நின்றது. ஆகவே வீடு குடியுடையது, தெரு பொதுவுடையது. இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின்மேல்தான் நம் திண்ணைகளும் வாசற்படிகளும் உட்கார்ந்திருக்கின்றன!

திண்ணை தன் நிலத்துக்குள் இருந்தவரை அது தெருவுக்கு வீடு செய்த தருமம். வழிப்போக்கன் உட்கார்ந்தான், முதியோர் மாலையில் கூடினர், பிள்ளைகள் பாடம் படித்தனர். இன்று ஓர் அங்குலமும் விலைக்குரியதான பின், திண்ணை உள்ளே போய் அறை ஆகிவிட்டது. படிக்கட்டு வெளியே வந்து தெருவில் இறங்கிவிட்டது. இரு பக்கமும் இரண்டு இரண்டு அடி இறங்கினால், 14 அடித் தெரு 10 அடி ஆகிறது. பின்பு அங்கே நோயாளி வண்டியும் தீயணைப்பு வண்டியும் நுழைய மாட்டா. இறங்கிய படிக்கட்டை விற்கிறவர் தம் வீட்டின் பகுதியாகவே காட்டுவார்; பத்திரத்தின் அளவில் அது இராது. கோலைப் பிடித்து அளப்பதற்கு வெட்கப்படலாகாது.

இத்தனை இடையூறு இருக்க, மக்கள் ஏன் நெருக்கத்தையே நாடுகிறார்கள்? சென்னையைப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, அன்றைய சென்னை மாவட்ட எல்லைக்குள் 46 லட்சத்து 46 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்; ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். தமிழ்நாடு முழுமைக்கும் சராசரி 555. இவ்வளவு நெருக்கத்திலும் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு சிறு வீடு விற்பனைக்கு வந்தால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். காரணம், அங்கே பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மார்க்கெட்டும் கோயிலும் மசூதியும் இருக்கின்றன, இரவு பத்து மணிக்குத் தனியே வரும் பெண்ணுக்குத் தெருவில் விளக்கும் மனிதரும் இருக்கிறார்கள். நகரத்தின் விளிம்பிலே பெரிய மனை வாங்கியவர் காலையில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நேரத்தையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். விளிம்பிலே வேறோர் இடரும் உண்டு. அங்கீகாரம் இல்லாமல் வயலைத் துண்டு போட்டு விற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எத்தனையோ பேர் கையிலிருந்த மனை விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் கிடந்தது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளை வகுத்த பின்னரே அவர்களுக்கு வழி பிறந்தது.

திருவல்லிக்கேணியை நான் கேள்வியால் அறிந்தவன் அல்லேன். கல்லூரியில் படித்த நாட்களில், உறவினர் குடும்பத்தோடு அங்கே ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் தங்கியிருந்தேன். ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லை இன்றைய மாணவர்கள் அறிவார்களோ, என்னவோ! நடுவிலே முற்றம் உள்ள ஒரே பெரிய வீடு. சுற்றியுள்ள அறைகளில் அறைக்கொரு குடும்பமாக ஏழு குடும்பங்கள். குழாய் ஒன்று, குளியலறை ஒன்று, கழிவறை இரண்டு. விடியற்காலம் நாலு மணிக்கே அடிபம்பின் ஓசை கேட்கும். யார் குடம் முதலில் வைத்தது என்பதில் தினமும் ஒரு பூசல் எழும். அதே வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஏழு வீட்டுக் கஷாயமும் வந்து சேரும். இதைச் சொல்லிப் பழங்காலத்தைப் புகழ்வது என் நோக்கம் அன்று. கழிவறைக்கு வரிசையில் நின்ற பெண்களின் துன்பத்தை நான் கண்டிருக்கிறேன். அதை எந்த ஒற்றுமையும் ஈடு செய்யாது. நான் கவனித்தது வேறு ஒன்று. அந்த வீட்டில் அறைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. முற்றத்து விளக்கு மட்டும் எப்போதும் எரியாது. அதன் பல்பை மாற்றுவது யார் பொறுப்பு என்று எவரும் எழுதிவைக்கவில்லை. வாடகை உயர்த்த முடியாத வீட்டுக்காரர் வீட்டைப் பழுது பார்க்கவில்லை. வெளியேற வேண்டியிராத குடித்தனக்காரரும் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நாட்களிலேயே சென்னைக்கு வாடகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1960-ஆம் ஆண்டின் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோது, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது கட்டாயம் ஆயிற்று.

அந்த ஒண்டுக்குடித்தன வீடுகள் பல இன்று அடுக்குமாடிகளாக எழுந்து நிற்கின்றன. முற்றம் போயிற்று, ஆனால் பொது போகவில்லை. அது மாடிப்படி ஆயிற்று, தண்ணீர்த் தொட்டி ஆயிற்று, மின்தூக்கி ஆயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அடியிலுள்ள மண் பொது ஆயிற்று. அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குவோர் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறார்கள். ஒன்று, கண்ணால் காணும் அறைகள். மற்றொன்று, கண்ணால் காண முடியாத, பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடத்துக்கு ஆண்டுதோறும் வயது ஏறும்; மதிப்பு இறங்கும். மண்ணுக்கு அப்படி அன்று. ஆகவே பங்கு எவ்வளவு என்று பார்ப்பதே அறிவுடைமை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு நிலம் 4,800 சதுர அடி. 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, உயர் கட்டடம் அல்லாத ஒன்றுக்குப் பொதுவாக நிலத்தின் பரப்பைப் போல இரு மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம். அதாவது 9,600 சதுர அடி. அதை எட்டுச் சம வீடுகளாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,200 சதுர அடி; நிலப் பங்கு 600 சதுர அடி. இப்போது ஒவ்வொருவர் பத்திரத்திலும் 600 என்று இருக்கிறதா? எட்டையும் கூட்டினால் 4,800 வருகிறதா? 500 என்று எழுதியிருந்தால் மிச்சம் 800 சதுர அடி யாரிடம் நிற்கிறது? கட்டியவர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் மேலே ஒரு தளம் எழுப்ப வரக்கூடும். நான்காம் வகுப்புக் கணக்குத்தான். ஆயினும் பல லட்சம் கொடுத்து வாங்குவோர் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

மண்ணின் தன்மையையும் கட்டுமானத்தின் உறுதியையும் வாங்குவோர் கண்ணால் அறிய முடியாது. 2014 ஜூன் 28 அன்று, சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அதன் அருகில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே 2016-ஆம் ஆண்டில்தான் மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய சட்டம் வந்தது. பெரிய திட்டங்கள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். வாங்குவோர் செலுத்தும் பணத்தில் 100-க்கு 70 பங்கு அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். சுவருக்குள்ளே புழங்கும் பரப்பையே பரப்பு என்று சொல்லி விற்க வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள். பழைய அடுக்குமாடி பழுதானால் இடித்துக் கட்டுவதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருந்தது. ஒருவர் மறுத்தாலும் நின்றுவிடும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் 3-இல் 2 பங்கினர் இசைந்தால் போதும் என்றாக்கியது. இதிலே நன்மையும் உண்டு, அச்சமும் உண்டு. மறுக்கும் அந்த ஒருவர், வேறு போக்கிடம் இல்லாத முதியவராகவும் இருக்கலாம் அல்லவா? பொதுச்சுவரின் அப்பால் நின்ற அந்த முதியவளை நான் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

இனி, வில்லங்கத்தைப் பற்றிச் சில சொற்கள். வில்லங்கச் சான்றை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். அதிலே ஒன்றும் இல்லை என்றால் மகிழ்ந்துவிடுகிறோம். பதிவுக்கு வந்ததை மட்டுமே அது சொல்லும் என்பதை மறத்தல் கூடாது. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாய்மொழியாகச் செய்த பாகமும் அதில் ஏறாது. இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் அது அறியாது.

பழைய தெருக்களில் மிகுதியாகக் காணும் குறை இந்தக் கடைசி இனத்தது. அண்ணன் தம்பிகள் மூவர் கையெழுத்திட்டு விற்பார்கள். மணமாகிப் போன இரண்டு சகோதரிகளை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அவர்களுக்குத்தான் சீர் செய்துவிட்டோமே" என்பது வழக்கமான விடை. சட்டத்தின் விடை அதுவன்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் அவர் தாமே தேடிய சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கூட்டுக் குடும்பச் சொத்திலே பிறப்பால் வரும் உரிமையை, மணமாகாதிருந்த பெண்களுக்குத் தமிழ்நாடு 1989-இல் வழங்கியது. 2005-இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்ற வேற்றுமையை நீக்கியது. அதற்குத் தந்தை 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி நடந்து முடிந்த விற்பனைகளையும் பிரிவினைகளையும் இது கலைக்காது. ஆகவே, வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி, "அத்தைமார் எத்தனை பேர்? அவர்கள் கையெழுத்து எங்கே?" என்பதுதான். இதைக் கேட்பது வாங்குவோர்க்குப் பாதுகாப்பு. அந்த அத்தைமார்க்கு நீதி. மாணவியர் இதைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும். நாளை அவர்களே அத்தைமார் ஆவார்கள்.

சொல்லாமல் விடக்கூடாத செய்தி இன்னும் ஒன்று இருக்கிறது. நெருங்கிய தெருவிலே வீடு விலைக்கு வரும்போது, "என்ன விலை?" என்ற கேள்விக்கு முன்பே, "யாருக்கு விற்கிறீர்கள்?" என்ற கேள்வி எழுகிறது. நம் ஊர்களில் தெருக்கள் சாதி சாதியாக அமைந்தவை. பணம் கையில் இருந்தும், பத்திரத்தில் பழுதில்லாதிருந்தும், "எங்கள் தெருவில் நீ எப்படி வாங்கலாம்?" என்று தடுக்கப்பட்டவர்கள் உண்டு. இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு கூறுகிறது. எப்பகுதியிலும் என்பதில் அடுத்த தெருவும் அடக்கம். ஆனால் தடுக்கிறவர்கள் சட்டத்தின் பெயரால் தடுப்பதில்லை. தண்ணீர் தராமல், பேசாமல், வழி விடாமல் தடுக்கிறார்கள். பொதுவாக இருப்பனவே அங்கே கருவி ஆகின்றன.

சிங்கப்பூர் இதைச் சட்டத்தால் கையாண்டது. அங்கே 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்ற நெருங்கிய குடிசைப் பகுதி தீக்கிரையாகி ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது, அக்கழகம் விரைந்து அடுக்குமாடிகளை எழுப்பியது. 1964 முதல் அவை குடியிருப்போருக்கே விற்கப்பட்டன. இன்று அந்நாட்டு மக்களில் 5-இல் 4 பங்கினர் அளவில் கழக வீடுகளில் வாழ்கின்றனர். 1989-இல், ஒவ்வொரு கட்டடத்திலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று உச்ச வரம்பு விதித்தார்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழர் உள்ளிட்ட இந்தியரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லது. ஆயினும் அந்த வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்க விரும்பும் சிறுபான்மையினர் சிலர், வரம்பு நிரம்பிய இனத்தாருக்கு விற்க இயலாத நிலைக்கு ஆளாகி, குறைந்த விலையை ஏற்க நேர்ந்தது. அத்தகையோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 1997-இல் தமிழ்நாடு அரசு சமத்துவபுரம் என்ற திட்டத்தை அறிவித்தது. ஊருக்கு 100 வீடுகள்: 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 ஏனையோருக்கு. முதலாவது சமத்துவபுரம் 1998-இல் திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. சேத்தூரிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் சென்று பார்க்கலாம். புதிய நிலத்திலே புதிய ஊரை அப்படி அமைப்பது ஒரு வகையில் எளிது. 9 அடி வீடுகள் நிரம்பிய பழைய தெருவிலே, பொதுச்சுவருக்கு அப்பால் புதியவர் ஒருவர் குடிவருவதை ஏற்பது அதனினும் அரிது. ஆனால் விற்பனை நாள்தோறும் நடப்பது அங்கேதான்.

அடுத்த விடுமுறைக்கு நீங்கள் வீட்டுக்குச் செல்லும்போது, பெரியவர்களின் அனுமதியோடு வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். நான்கெல்லையில் யார் பெயர்கள் இருக்கின்றன, எவையெவை பொது, கையெழுத்திட்டவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். புரியாத சொல் இருந்தால் உங்கள் தெருவிலுள்ள வயது முதிர்ந்தவர் ஒருவரிடம் கேளுங்கள். எந்தச் சுவர் எவர் பாகத்தில் நின்றது, மூடிய கிணறு எந்த அறையின் அடியில் இருக்கிறது என்பதையெல்லாம் அவர் எழுந்து வந்து காட்டுவார்.